யன்னல் மாத்தப் போற ஆக்கள் காசு குடுக்க முதல் இதை ஒருக்கா வாசியுங்கோ

எங்கட பக்கத்தில இப்ப ஆரைப் பாத்தாலும் பழைய மர யன்னலைக் கழட்டிப்போட்டு அலுமினியம், இரட்டைக் கண்ணாடி (நடுவில காத்து இடைவெளி விட்டு ஒட்டின ரெண்டு கண்ணாடி) எண்டு மாத்திக்கொண்டிருக்கினம். வெளியில இருந்து பிள்ளையள் காசு அனுப்பினம், கடைக்காரர் வந்து வீடு குளிரா இருக்கும் கரண்ட் பில் பாதியாக் குறையும் எண்டு சொல்லினம், அடுத்த கிழமையே அட்வான்ஸ் போயிடுது. நான் 2023 இல இந்த வேலையைத் தொடங்கினனான். இவர் கட்டாரில, அண்ணா கனடாவில, வீட்டில படுக்கையில இருக்கிற அம்மாவும் நானும் மட்டும். அளவெடுக்க வாறவரோட கதைக்கிறதில இருந்து கடைசியாக் காசுக்குச் சண்டை பிடிக்கிறது வரைக்கும் தனியத்தான் நிண்டன். இதில அரைவாசியை ஆரும் எனக்கு முன்னுக்குச் சொல்லியிருந்தா எவ்வளவோ காசும் கண்ணீரும் மிஞ்சியிருக்கும். அதால எழுதுறன், கொஞ்சம் நீளமா வரும், பொறுத்துக்கொள்ளுங்கோ.

நாங்கள் இருக்கிறது கிளிநொச்சியில, கனகபுரம் பக்கம். வீடு 2013 இல இந்திய வீட்டுத்திட்டத்தில தந்த ஐஞ்சரை லட்சத்தோட எங்கட கையில இருந்ததையும் போட்டுக் கட்டினது. அந்த நேரம் முழு வன்னியும் ஒரேயடியா வீடு கட்டினது, மேசனும் கிடைக்காது மரமும் கிடைக்காது. நல்லாக் காய்ஞ்ச முதிரையோ பாலையோ தேடி எடுக்க எங்களுக்கு வசதி இருக்கேல்லை, கிடைச்ச பச்சை மரத்தில நிலை அடிச்சு வச்சம். பச்சை மரம் சுவரில ஏறினாப் பிறகு காயும், காயேக்க முறுகும். ரெண்டு மாரி முடிய ஒரு யன்னலும் ஒழுங்காச் சாத்தேல்லை, மழைக்கு ஊதிப்போய் இறுகி நிக்கும், கோடைக்கு விரல் போற அளவு இடைவெளி. 2020 டிசம்பரில புரெவிப் புயல் வந்த இரவு முழுக்க அந்த யன்னலுகள் அடிச்ச அடியில அம்மாவும் நானும் நித்திரை கொள்ளேல்லை. மேற்குப் பக்க நிலை ரெண்டு கறையானுக்கும் போட்டுது.

2022 கடைசியில அம்மாக்கு பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் இயங்காமப் போச்சு. படுக்கையில கிடக்கிற ஆளுக்கு வன்னி வெக்கை எப்பிடி இருக்கும் எண்டு உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, முதுகெல்லாம் வேர்த்துப் புண் வரப் பாத்தது. அண்ணா காசு அனுப்பி அம்மான்ர அறைக்கு ஏசி போட்டம். சரியா அந்த நேரம்தான் 2023 பெப்ரவரியில கரண்ட் 66 வீதம் ஏறினது, அதுக்கு முதல் 2022 ஓகஸ்டில 75 வீதம் ஏறினது. மாசம் 60 யூனிற்றைத் தாண்டினாலே முதல் யூனிற்றில இருந்து விலை மாறும், பிறகு 90, 120, 180 எண்டு படி ஏற ஏற யூனிற் விலை ஏறும். நாங்கள் 180 ஐயும் தாண்டினம். பில்லைப் பாத்து அண்ணா சொன்னார், "இஞ்ச எங்கட வீடுகளில எல்லாம் இரட்டைக் கண்ணாடிதான் தங்கச்சி, உள்ளுக்க இருக்கிறது வெளிய போகாது, நீ முழு யன்னலையும் மாத்து, காசை நான் பாக்கிறன்" எண்டு.

கடைக்காரர் வந்து ஏழு யன்னலையும் அளந்துபோட்டு 5,80,000 எண்டு கொட்டேசன் தந்தார். அலுமினியம் ஃபிறேம், ஸ்லைடிங், இரட்டைக் கண்ணாடி, அதுவும் "லோ-ஈ" எண்டு சொல்லுற வெக்கையைத் திருப்பி அனுப்புற பூச்சு போட்ட கண்ணாடி. கொட்டேசனில இருந்தது ஒரு வரிதான், "டபுள் கிளாஸ் ஸ்லைடிங் வின்டோ, 7". வாயால சொன்ன ஒண்டும் பேப்பரில இல்லை. இதை நல்லா மனசில வையுங்கோ, பிறகு வாறன்.

கதையை இதில கொஞ்சம் நிப்பாட்டி ஒரு கணக்குச் சொல்லவேணும், ஏனெண்டால் எல்லாப் பிரச்சினைக்கும் அடி அதிலதான். நான் பள்ளிக்கூடத்தில விஞ்ஞானம் படிப்பிக்கிறனான், பிறகு இருந்து யோசிச்சுப் போட்ட கணக்கு இது. நாலடிக்கு நாலடி யன்னல் எண்டால் கிட்டத்தட்ட ஒண்டரைச் சதுர மீற்றர். வெளியில 34 பாகை, ஏசி போட்ட அறைக்குள்ள 26 பாகை எண்டு வைப்பம், வித்தியாசம் 8 பாகை. வெக்கை கடத்துற அளவை யூ வலியூ எண்டு சொல்லுவினம், ஒற்றைக் கண்ணாடிக்கு அது 5.8 அளவில, அதை ஒண்டரையாலயும் எட்டாலயும் பெருக்கினாக் கண்ணாடியால கடந்து வாற வெக்கை ஏறக்குறைய 70 வாட். சாதாரண இரட்டைக் கண்ணாடிக்கு 2.8 அளவில, அப்ப 35 வாட்டுக்குக் கிட்ட. மிச்சம் பிடிச்சது 35 வாட். அண்ணான்ர ஊரில வெளியில மைனஸ் 15, உள்ளுக்க 21 எண்டால் வித்தியாசம் 36 பாகை, எங்கட நாலரை மடங்கு, அதுவும் இரவு பகலா மாசக்கணக்கில. அதால அங்க இரட்டைக் கண்ணாடி போட்ட காசைத் திருப்பித் தரும், அண்ணா சொன்னது அவற்ற ஊருக்கு நூறு வீதம் சரி.

எங்களுக்கு வெக்கை வாற வழி வேற. மேற்கு யன்னலில பின்னேர வெய்யில் நேர விழேக்க சதுர மீற்றருக்கு ஒரு 600 வாட் எண்டு பிடிச்சாலே அந்த ஒரு யன்னலுக்கு 900 வாட். சாதாரண கண்ணாடி அதில 85 வீதத்துக்கு மேல உள்ளுக்க விடும், அதாவது 750 வாட்டுக்கும் மேல. ஒரு அயன்பெட்டியைப் போட்டு அம்மான்ர கட்டிலுக்குப் பக்கத்தில வச்ச மாதிரி. வெறும் இரட்டைக் கண்ணாடி போட்டாலும் முக்கால்வாசி வெய்யில் உள்ளுக்க வரும், ஏனெண்டால் வெளிச்சம் கண்ணாடியைத் துளைச்சுக்கொண்டு வருது, நடுவில இருக்கிற காத்து அதைத் தடுக்காது. அதைத் தடுக்கிறது அந்தப் பூச்சுத்தான், வெய்யிலுக்கெண்டு செய்த நல்ல லோ-ஈ கண்ணாடி எண்டால் 30, 40 வீதத்துக்குக் கொண்டு வரும். இந்த அளவுக்கு எஸ்எச்ஜிசி எண்டு பேர், கண்ணாடி செய்யிற கொம்பனியின்ர தாளில 0.3, 0.4 எண்டு போட்டிருக்கும், குறைய இருந்தா எங்களுக்கு நல்லம். கடைக்குப் போனா இந்த ஒரு இலக்கத்தைத்தான் கேளுங்கோ. பூச்சு எந்தக் கண்ணாடியில எந்தப் பக்கம் எண்டதும் முக்கியம். வெக்கை நாட்டுக்கு வெளிக் கண்ணாடியின்ர உள்முகத்தில இருக்கவேணும், குளிர் நாட்டுக்கு உள்கண்ணாடியில வைப்பினம்.

சரி, கதைக்கு வாறன். அறுபது வீதம் அட்வான்ஸ் கேட்டார், 3,48,000 குடுத்தன். கண்ணாடி கொழும்பில இருந்து வரவேணும், மூண்டு கிழமை எண்டார். ஓகஸ்டில குடுத்த காசுக்கு ஒக்டோபர் கடைசியிலதான் பெடியள் வந்து இறங்கினவை, யன்னல் வரேல்லை, "நாளைக்கு லொறி வருது அக்கா, நாங்கள் இண்டைக்கு நிலையைக் கழட்டி வைப்பம்" எண்டு சொல்லி ஏழு நிலையையும் பேத்துப் போட்டினம். வீட்டைச் சுத்தி ஏழு ஓட்டை. லொறி வரேல்லை. போன் அடிச்சா எடுக்கேல்லை, எடுத்தா நாளைக்கு எண்டு சொல்லுவினம். ஐப்பசி மழை தொடங்கிட்டுது. தறப்பாள் வாங்கி ஓட்டையளுக்கு ஆணி அடிச்சுக் கட்டினன், காத்துக்கு அது இரவிரவா அடிச்சுக்கொண்டு கிடந்தது. அம்மாக்குக் கதை தெளிவில்லை, ஆனா தறப்பாள் சத்தம் கேட்டு அழத் தொடங்கிட்டா. 2009 இல மெனிக்பாம் அகதி முகாமில தறப்பாள் கொட்டிலுக்குள்ள நாங்கள் கிடந்த காலம் அவவுக்குத் திரும்பி வந்திட்டுது, "எப்ப பிள்ளை வீட்டை விடுவாங்கள்" எண்டு திருப்பித் திருப்பிக் கேட்டா. எனக்கு வாற கோவத்தில அந்தக் கடை வாசலில போய் இருந்து கத்தவேணும் போல இருந்தது. அந்தக் காலம் முழுக்க நுளம்பு வேற, மாரி எண்டால் டெங்கு வாற காலம், அம்மான்ர கட்டிலைச் சுத்தி வலையைக் கட்டிப்போட்டு நான் பக்கத்தில நிலத்தில படுத்தன்.

இதில ரெண்டு விசயத்தை எழுதி வையுங்கோ. யன்னல் உங்கட முற்றத்தில வந்து இறங்கி, நீங்கள் அதை அளந்து பாத்த பிறகுதான் பழைய நிலையில கை வைக்க விடவேணும், அதுவும் ஒரு நேரத்தில ஒரு யன்னல், ஒண்டைக் கழட்டி ஒண்டைப் பூட்டி முடிச்ச பிறகு அடுத்தது. பழைய நிலையைப் பேக்கேக்க கம்பியோட சேத்துச் சுவரும் உடையும், பூசுறதுக்கு மேசன் கூலி வேற, அது கொட்டேசனில இருக்காது, எனக்கு 42,000 அதுக்கே போச்சு. மற்றது காலம். எங்கட இடத்தில ஐப்பசியில இருந்து தை வரைக்கும் யன்னல் வேலை தொடங்கவே கூடாது. மாசி பிறந்தாப் பிறகு தொடங்கி ஆவணிக்கு முதல் முடியிற மாதிரிப் பாருங்கோ, அட்வான்ஸ் குடுக்கிற திகதியைப் பாத்துக் கணக்குப் போடாமல் கடைக்காரர் சொல்லுற திகதியோட இன்னும் ரெண்டு மாசத்தைக் கூட்டிப் போடுங்கோ. காசைப் பொறுத்தவரை, வீட்டுத்திட்டத்தில எங்களுக்கு எப்பிடிக் கட்டங்கட்டமாத் தந்தவை எண்டு யோசியுங்கோ, வேலை ஒவ்வொரு படியா முடிய முடியத்தானே அடுத்த காசு வந்தது. அதே மாதிரி, அட்வான்ஸ் கால்வாசி, சாமான் வந்து இறங்கினாப் பிறகு அரைவாசி, மிச்சக் கால்வாசி ஒரு பெரு மழை பெய்து ஒழுக்கு இல்லை எண்டு பாத்த பிறகு. ஒத்துக்கொள்ளாத கடையை விட்டிட்டு அடுத்த கடைக்குப் போங்கோ.

யன்னல் ஒருவழியா வந்துது, கார்த்திகை தொடங்கி. பூட்டேக்கத்தான் தெரிஞ்சது சுவர் ஓட்டை ஒண்டும் நேர்ச் சதுரம் இல்லை. எங்கட பக்கம் கட்டின வீடுகளில மேல ஒரு அளவு கீழ ஒரு அளவு இருக்கும், அரை இஞ்சி முக்கால் இஞ்சி வித்தியாசம் சாதாரணம். அளக்க வந்தவர் நடுவில மட்டும் ரேப்பைப் பிடிச்சிட்டுப் போனவர். அகலத்தை மேல, நடு, கீழ எண்டு மூண்டு இடத்திலயும் உயரத்தை மூண்டு இடத்திலயும் அளந்து குறைஞ்ச அளவை எடுக்கவேணும், மூலைக்கு மூலை குறுக்கயும் அளக்கவேணும். அப்பிடிச் செய்யாததால ஒரு யன்னல் உள்ள போகேல்லை, சுவரைக் கொத்தினவை, இன்னொண்டில ஒரு பக்கம் ஒரு இஞ்சி இடைவெளி, அதை வெறும் சீமெந்தால அடைச்சுப் பூசினவை. சீமெந்தும் அலுமினியமும் வெய்யிலுக்கு ஒரே மாதிரி விரியாது, கொஞ்ச நாளில வெடிப்பு விட்டிட்டுது. சீமெந்துக்கும் ஃபிறேமுக்கும் நடுவில வெளிப்பக்கம் முழுக்கச் சிலிக்கன் ஓடவேணும்.

அடுத்த மழைக்கு வடக்குப் பக்க அறைக்குள்ள தண்ணி நிண்டது. வாடைக்காத்து மழை வடக்கிலயும் கிழக்கிலயும்தான் சாத்தும், அந்தப் பக்கம் இருந்த மூண்டு யன்னலும் ஒழுகினது. மேல எங்கயோ ஓட்டை எண்டு நினைச்சு ரோச் அடிச்சுப் பாத்தன், மேல ஒண்டுமில்லை. குனிஞ்சு பாத்தாக் கீழ ஸ்லைடிங் ஓடுற தவாளிப்புக்குள்ள தண்ணி விளிம்பு வரைக்கும் நிக்குது, நிறைஞ்சு உள்பக்கமா வழியுது. அந்தத் தவாளிப்பில விழுற மழைத்தண்ணி வெளிய போறதுக்கு ஃபிறேமின்ர வெளிப்பக்க அடியில சின்னச் சின்ன நீட்டு ஓட்டை வச்சிருப்பினம், ஒரு இஞ்சி நீளம்கூட வராது. மேசன் பூசேக்க அதையெல்லாம் சீமெந்தால மூடிப் பூசிவிட்டார், அவருக்கு ஆரும் சொல்லேல்லை. மழைக்குள்ள நனைஞ்சு நனைஞ்சு நிண்டு ஆணியாலயும் ஈர்க்காலயும் ஒவ்வொரு ஓட்டையாக் கிண்டி எடுத்தன், சீமெந்துக் கட்டி உதிர்ந்த உடன தண்ணி சளக்கெண்டு வெளிய பாய்ஞ்சுது. உங்கட வீட்டில யன்னல் பூட்டினாப் பிறகு ஒரு போத்தல் தண்ணியை அந்தத் தவாளிப்பில ஊத்திப் பாருங்கோ, வெளிய வடியுதோ எண்டு. பெடியள் நிக்கேக்கயே பாருங்கோ. தண்ணி தேங்கி நிண்டா ஒழுக்கு மட்டுமில்லை, இரட்டைக் கண்ணாடியின்ர ஓரத்தை ஒட்டியிருக்கிற பசை அந்த ஈரத்தில ஊறி விட்டுப்போகும், பிறகு ரெண்டு கண்ணாடிக்கும் நடுவில ஈரக்காத்துப் புகுந்து பனி பிடிச்ச மாதிரி மங்கும், துடைக்கவே ஏலாது. எனக்கு அடுத்த மாரிக்கு ஒரு யன்னல் அப்பிடிப் போச்சு, கண்ணாடி முழுசாப் புதுசு போடவேணும் எண்டு சொல்லினம்.

இனிக் கண்ணாடிக் கதை. யன்னல் எல்லாம் பூட்டி முடிஞ்சும் அம்மான்ர அறையில பின்னேரம் வெக்கை குறையேல்லை. கண்ணாடியில கை வச்சா சுடுது. அண்ணாட்டச் சொன்னன், அவர் தன்ர வேலையிடத்தில ஆரிட்டயோ விசாரிச்சுப்போட்டு லைற்றர் சோதனை ஒண்டு சொன்னார். இரவு லைற்றை நிப்பாட்டிப்போட்டு கண்ணாடிக்குக் கிட்ட லைற்றரைக் கொளுத்திப் பிடிச்சு கொஞ்சம் சரிவாப் பாக்கவேணும். இரட்டைக் கண்ணாடி எண்டால் நாலு சுவாலை தெரியும், ஒவ்வொரு கண்ணாடிக்கும் முன்முகம் பின்முகம் எண்டு ரெண்டு ரெண்டு. அதில லோ-ஈ பூச்சு எந்த முகத்தில இருக்கோ அந்தச் சுவாலை மட்டும் மற்ற மூண்டோட சேராமல் நிறம் மாறித் தெரியும். வெளியில இருந்து எண்ணினா ரெண்டாவது சுவாலை மாறியிருந்தா வெக்கை நாட்டுக்குச் சரியான பக்கம். நான் அம்மான்ர அறையில பிடிச்சுப் பாத்தன், நாலும் ஒரே மஞ்சள். மற்ற அறைகளுக்கும் போனன், நாலும் ஒரே மஞ்சள். ஏழிலயும் பூச்சே இல்லை, வெறும் கண்ணாடி. பூச்சுக்கெண்டு சதுர அடிக்கு வாங்கின கூடுதல் விலை சும்மா போயிருக்கு. அந்த இரவு லைற்றரையும் பிடிச்சுக்கொண்டு குசினியில இருந்து அழுதது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.

கடைக்குப் போய்க் கேட்டா "லோ-ஈ எண்டு நாங்கள் எங்க எழுதினம், காட்டுங்கோ" எண்டு கொட்டேசனை என்ர முகத்துக்கு நேர நீட்டினார். அதில இல்லைத்தான். ஆனா அளவெடுக்கேக்க அவற்ற பெடியன் எனக்கு வாட்ஸப்பில அனுப்பின வொயிஸ் மெசேஜ் ஒண்டு இருந்தது, "லோ-ஈ கண்ணாடிதான் அக்கா போடுறம், வெக்கையே வராது" எண்டு. அதைப் போட்டுக் காட்டி, நுகர்வோர் அதிகார சபைக்குப் போறன் எண்டு சொன்ன பிறகுதான் குரல் இறங்கினது. அவையின்ர முறைப்பாட்டு இலக்கம் 1977, எங்க இருந்தும் அடிக்கலாம், ரசீது கையில இருக்கவேணும். கடைசியில மிச்சக் காசில 90,000 குறைச்சு வாங்கினார், கண்ணாடி மாத்தித் தரேல்லை. இன்னும் இழுத்துப் பிடிச்சிருக்கலாம் எண்டு சொந்தக்காரர் சொல்லினம், படுக்கையில ஒரு ஆளை வச்சுக்கொண்டு தனிய நிக்கிற பொம்பிளைக்கு எவ்வளவு தெம்பு இருக்கும் எண்டு அவைக்குத் தெரியாது. கொட்டேசனில என்ன எழுதவேணும் எண்டால், கண்ணாடியின்ர தடிப்பு மில்லிமீற்றரில, நடு இடைவெளி எவ்வளவு, பூச்சு எந்த முகத்தில, எஸ்எச்ஜிசி எவ்வளவு, அலுமினியத்தின்ர தடிப்பு, நுளம்பு வலை இருக்கோ இல்லையோ, கழட்டிப் பூசுற வேலை ஆரின்ர செலவு, கண்ணாடிக்கு நடுவில மங்கினா எத்தினை வருசத்துக்கு மாத்தித் தருவினம், இவ்வளவும் எழுத்தில வந்து கையெழுத்தும் இருக்கவேணும். வாயால சொல்லுறதை "ஒருக்கா வாட்ஸப்பில போட்டு விடுங்கோ தம்பி" எண்டு கேட்டு வாங்கி வையுங்கோ.

இவ்வளவுக்கும் மேல என்னை ஆகலும் கவலைப்படுத்தினது மற்ற அறைகள். ஏசி இல்லாத அறைகளுக்கு நாங்கள் சீவிக்கிறது காத்தில. பழைய மர யன்னல் முறுகிப்போய்க் கிடந்தாலும் ரெண்டு கதவையும் விரிச்சா முழு ஓட்டையும் திறந்து கிடக்கும். ஸ்லைடிங்கில எப்பவும் ஒரு பாதிதான் திறக்கும், மற்றப் பாதி மூடித்தான் நிக்கும், அந்தத் திறந்த பாதிக்கும் வலை அடிச்சா காத்து இன்னும் குறையும். பகல் முழுக்கக் கூரையும் சுவரும் வாங்கி வச்ச வெக்கை இரவில வெளிய போக வழியில்லை. பள்ளிக்கூட வெப்பமானியைக் கொண்டு வந்து வச்சுப் பாத்தன், சோளகக் காலத்தில ராத்திரி பத்து மணிக்கு வெளியில 28, விறாந்தை அறைக்குள்ள 32. யன்னலைத் திறந்து வச்சுக்கொண்டு இருக்கிற அறைக்கு இரட்டைக் கண்ணாடியால ஒரு சதத்துக்கும் பிரயோசனம் இல்லை, திறந்த யன்னலுக்குள்ளால வெக்கை கண்ணாடியைக் கேட்டுக்கொண்டு வாறதில்லையே. என்ர ஏழு யன்னலில ஒண்டுக்குத்தான் இந்தச் சாமான் தேவைப்பட்டது, ஏசி அறை யன்னலுக்கு. மற்ற ஆறுக்கும் முழுசாத் திறக்கிற கதவு யன்னல், ஒற்றைக் கண்ணாடியோ மரமோ, அது காணும். எந்த அறையை மூடி வச்சுச் சீவிக்கப் போறம், எந்த அறையைத் திறந்து வச்சுச் சீவிக்கப் போறம் எண்டு முதல் வீட்டுக்குள்ள இருந்து யோசிச்சு முடிவெடுத்துப்போட்டுத்தான் கடைப்பக்கம் போகவேணும். கடையில அந்தக் கேள்வியை உங்களிட்ட ஆரும் கேக்க மாட்டினம், அவைக்கு ஏழும் வித்தாத்தான் லாபம்.

திசையையும் சொல்லுறன். சித்திரை வருசப் பிறப்புக் கிட்ட சூரியன் எங்கட தலைக்கு நேர மேல வரும், அதுக்குப் பிறகு ஆவணி வரைக்கும் கொஞ்சம் வடக்கால போகும், மார்கழியில தெற்கால சாயும். வடக்கு, தெற்கு யன்னலுக்கு வாற வெய்யில் உயரத்தில இருந்து வாறது, மேல ரெண்டடி கொங்கிறீட் தட்டு நீட்டிக்கொண்டிருந்தா மறைச்சுப் போடும். மேற்கு அப்பிடியில்லை, பின்னேரச் சூரியன் பதிவா நிண்டு நேர உள்ளுக்க பாக்கும், மேல எவ்வளவு தட்டுப் போட்டாலும் மறையாது. எங்கட இடத்தின்ர கஷ்டம் என்னெண்டால் சோளகக் காத்தும் தென்மேற்கால, அந்தப் பக்கத்தாலதான் வரும். மேற்கை மூடினாக் காத்துப் போகும், திறந்தா வெய்யில் வரும். ரின்டட் கண்ணாடி போடலாம் எண்டு கடையில சொல்லுவினம், கறுப்புக் கண்ணாடி வெய்யிலைத் தானே குடிச்சுச் சூடாகி அந்தச் சூட்டை உள்ளுக்கயும்தான் விடும், பகலிலயே லைற் போடவும் வரும். முகம் தெரியிற மாதிரிப் பளபளக்கிற கண்ணாடி போட்ட வீடொண்டு எங்கட ஒழுங்கையில இருக்கு, மயில் தன்ர உருவத்தை வேற மயில் எண்டு நினைச்சு விடிய வந்து கொத்திக்கொண்டு நிக்கும், அவை இப்ப அந்த யன்னலுக்குச் சாக்குக் கட்டி வச்சிருக்கினம்.

நான் கடைசியாச் செய்தது, மேற்குச் சுவருக்கு வெளியில மூண்டடி தள்ளி நாலு மரக்கால் நட்டு, பனஞ்சலாகையில இடைவெளி விட்டுத் தட்டி அடிச்சது. வெய்யில் தட்டியில நிண்டிடும், காத்து இடைவெளியால வரும், வெக்கை கண்ணாடிக்குக் கிட்டவே வராது. திரைச்சீலை அப்பிடியில்லை, வெய்யில் கண்ணாடியைத் தாண்டி உள்ளுக்க வந்தாப் பிறகுதான் சீலையில படும், அந்த வெக்கை அறைக்குள்ளதான் நிக்கும். தட்டிக்குச் சாமானும் கூலியும் சேத்து 38,000 முடிஞ்சுது. பக்கத்தில ஒரு வேம்பும் வச்சிருக்கிறன், அது வளர்ந்து வர அஞ்சாறு வருசம் ஆகும். பிறகு ஏசி அறைக் கதவின்ர அடி இடைவெளிக்கு ரப்பர் ஒட்டினன். கூரைக்குக் கீழ சீலிங் இல்லாமல் வெறும் சீற்தான் இருந்தது, வெய்யில் உச்சியில நிக்கேக்க முழு வெக்கையும் வாறது அந்த வழியாலதானே, அம்மான்ர அறைக்கு மட்டும் வெள்ளி நிறத் தாளை மேல விரிச்சு அதுக்குக் கீழ சீலிங் அடிச்சன். தட்டியும் சீலிங்கும் போட்ட மாசத்தில இருந்து பில் 180 யூனிற்றுக்கு உள்ளுக்கதான் நிக்குது, கோடையிலயும் தாண்டேல்லை. யன்னல் மட்டும் மாத்தியிருந்த மாசங்களில பில்லில பெரிசா ஒரு வித்தியாசமும் இருக்கேல்லை. கையில காசு அளவா இருந்தா முதல் கூரை, பிறகு மேற்குப் பக்க மறைப்பு, பிறகு இடைவெளி அடைக்கிறது, யன்னல் கடைசியில வரட்டும்.

பழைய நிலையளில கறையான் பிடிக்காத அஞ்சையும் பின்னுக்குச் சாத்தி வச்சிருந்தன். தச்சு வேலை செய்யிற ஐயா ஒருத்தர் வந்து தட்டிப் பாத்துப்போட்டு, "பிள்ளை, இது இப்பதான் நல்லாக் காய்ஞ்சு நிக்குது, இனி முறுகாது, கதவைச் சீவிப் பிணைச்சலை மாத்தினாப் போதும், இதை ஏன் கழட்டினனீங்கள்" எண்டு கேட்டார். ஒண்டுக்கு 6,500 எண்டு சொன்னார். வாற மாசி பிறக்க விறாந்தை அறையிலயும் குசினியிலயும் இருக்கிற ஸ்லைடிங்கைக் கழட்டிப்போட்டு இந்த மர நிலையில ரெண்டைத் திரும்பப் பூட்டப் போறன், உள்பக்கம் கழட்டிக் கழுவக்கூடிய மாதிரி நுளம்பு வலைச் சட்டமும் அடிச்சுத் தாறன் எண்டு சொல்லியிருக்கிறார். கழட்டுற ஸ்லைடிங் ரெண்டும் நல்ல நிலையில இருக்கு, நாலடிக்கு நாலடி, ஏசி அறைக்குத் தேடுற ஆக்கள் கிட்டடியில இருந்தாச் சொல்லுங்கோ, பூச்சு இல்லாத கண்ணாடி எண்டதைச் சொல்லித்தான் குடுப்பன்.